விளக்குக்காரர் பெயரில் தொங்கும் தாள்

மேடையில் இருக்கும் பெரியவர்களே, எதிரில் இருக்கும் குப்பித் தொழிற்சாலைச் சகோதர சகோதரிகளே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் விளக்குக்காரரின் மகளே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் இத்தோடு வணக்கத்தை முடித்துக்கொண்டார்கள். என்னால் முடியாது. நான் ஆள் ஆளாகச் சொல்லியாக வேண்டும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை காலை, பதினொன்றே முக்கால் மணிக்கு, மேனேஜர் அறையில் எட்டுப் பேர் இருந்தோம். அந்த எட்டுப் பேரையும் சொல்கிறேன்.

சன்னல் பக்கத்து நாற்காலியில் பெரிய முதலாளி. இன்று அவர் இல்லை. அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, அப்பா பேசும்போதெல்லாம் தலையாட்டிய சின்ன முதலாளி. இன்று மேடையில் நடுவில் இருக்கிறார். மேசைக்குப் பின்னால் மேனேஜர். அவரும் மேடையில்தான் இருக்கிறார், அன்று போலவே இன்றும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கதவை ஒட்டி, லைன் சூப்பர்வைசர். எதற்கெடுத்தாலும் ‘அவசரம், அவசரம்’ என்பதால் அவருக்கு அவசரம் என்றே பெயர். அவர் மூன்றாவது வரிசையில் ஓர நாற்காலி. கையில் எண்ணெய்த் துணியோடு பெல்ட் மெக்கானிக். அவர் இறந்து ஏழு வருஷம். பெட்டி கட்டுகிற என் நாத்தனார், அதோ, பச்சைப் புடவை. பிறகு நான், மூன்றாம் மேசைக்காரி. எட்டாவது ஆள், நாம் இரங்கல் கூட்டம் போட்டு நினைத்துக்கொண்டிருக்கும் விளக்குக்காரர்.

இத்தனை வருஷம் கழித்து இந்தக் கணக்கு எதற்கு? காரணம் இருக்கிறது. நம் தொழிற்சாலையில் பயிற்சி அறை என்று ஒன்று உண்டு. புதிதாகச் சேருகிற எவரும் முதல் நாள் அங்கேதான் உட்கார வேண்டும். அந்தச் சுவரில் ஒரு தாள் தொங்குகிறது. நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். ஆனால் அந்தத் தாளில் இருப்பது எனக்கு மனப்பாடம். ‘பிழை எண் நான்கு. விரிசல் விழுந்த குப்பிகள் வெளியே போயின. காரணம்: ஒளி அமைப்பை வடிவமைத்தவரின் கவனக்குறைவு.’

அந்த வடிவமைத்தவர் யார்? இவர்தான்! படத்தில் இருக்கிறாரே, இவர்தான்! இங்கே அவரை வாயாரப் புகழ்ந்தீர்கள். நாளைக்குக் காலையில் புதிதாக வருகிறவர்களுக்கு அதே தாளைக் காட்டுவீர்கள். அந்தத் தாள் இறங்க வேண்டும். அதற்காகத்தான் நான் வந்திருக்கிறேன்.

அன்பானவர், அமைதியானவர் என்றெல்லாம் சொன்னீர்கள். அப்படிப்பட்ட ஆட்கள் எத்தனையோ பேர் உண்டு. அவர் என்ன வேலை பார்த்தார் என்று ஒருவராவது சொன்னீர்களா? நான் சொல்கிறேன்.

நாம் செய்வது ஊசி மருந்து அடைக்கும் கண்ணாடிக் குப்பி. கட்டைவிரல் உயரம். அதில் மயிரிழை விரிசல் இருந்தால் மருந்து கெட்டுப்போகும், கெட்ட மருந்து யாருடைய உடம்பிலாவது ஏறும். அந்த விரிசலைக் கண்டுபிடிக்க அப்போது நான்கு மேசை, நான்கு பெண்கள், மேசைக்கு ஒரு விளக்கு. நான் மூன்றாம் மேசை. பதினாறு வருஷம் பார்த்தேன். பிறகு ஒருநாள் கேமரா வந்தது. மற்ற மூன்று மேசைகளையும் தூக்கிவிட்டார்கள். கேமரா தேறவிட்ட குப்பிகளில் நாலைந்தை எடுத்துச் சரிபார்க்க என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கேமரா முதல் வாரம் செய்த கூத்து இங்கே எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? வாங்கிக்கொண்டு வந்தவர்கள் அதன் தலைக்கு மேலே பெரிய விளக்கு ஒன்றை மாட்டி, பளீரென்று எரியவிட்டுப் போனார்கள். நல்ல குப்பியைத் தள்ளியது, விரிசல் குப்பியைத் தேறவிட்டது. நான் சந்தோஷப்பட்டேன். மறைக்க மாட்டேன், நன்றாகவே சந்தோஷப்பட்டேன்.

இரண்டாம் வாரம் இவர் வந்தார். தோளில் ஒரு துணிப்பை, பை நிறைய டார்ச் விளக்குகள். பெல்ட் மெக்கானிக் கேட்டார்:

“என்ன சார், டார்ச் விக்க வந்தீங்களா?”

“ஆமா, உங்களுக்கு ஒண்ணு வேணுமா? உங்க பெல்ட்டுக்கு அடியில எலி குடும்பம் நடத்துது. ஒருநாளாவது குனிஞ்சு பாத்திருக்கீங்களா?”

மெக்கானிக் ஒரு டார்ச்சை வாங்கிக்கொண்டு பெல்ட்டுக்கு அடியில் குனிந்தார்.

இவர் நேராகக் கேமராவிடம் போனாரா? போகவில்லை! ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு நாள் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என் நாற்காலியைப் பிடுங்க வந்த ஆள் என்று நினைப்பு. அவர் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கேட்டார்:

“அக்கா, பாட்டிலை ஏன் இப்படிச் சாய்க்கிறீங்க?”

“கண்ணு கூசாம இருக்க.”

“பின்னால ஏன் கறுப்புத் துணி?”

“அழுக்குத் தெரியாது, தொவைக்க வேண்டாம்.”

வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னேன். அவர் சிரித்தார். “பக்கத்துலேர்ந்து தாழ வெளிச்சம் விட்டு, பின்னால கறுப்பு வெச்சா, நல்ல கண்ணாடி இருட்டா நிக்கும். விரிசல் மட்டும் வெள்ளையா எந்திரிக்கும். இதை உங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?”

“யாரு சொல்லணும்? கண்ணு இருக்குல்ல?”

“கேமராவுக்கு அது இல்லையேக்கா. வெளிச்சம் எதைக் காட்டுதோ அதைத்தான் அது பாக்கும்.”

அன்று சாயங்காலமே அந்தப் பெரிய விளக்கைக் கழற்றி வைத்துவிட்டார். பக்கவாட்டில் தாழ்வாக இரண்டு விளக்கு, விரிசலுக்கு. பின்னாலிருந்து ஒரு வெள்ளைப் பலகை விளக்கு, குப்பியின் உருவம் கோணாமல் இருக்கிறதா என்று பார்க்க. இரண்டும் சேர்ந்து எரியாது. முதலில் இது மின்னி அணையும், அடுத்து அது மின்னி அணையும். ஒன்றின் வெளிச்சம் இன்னொன்றின் வேலையைக் கெடுக்கக் கூடாது. நிறைய வெளிச்சம் இருந்தால் நன்றாகத் தெரியும் என்று நாம் நினைக்கிறோம் அல்லவா? எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து வரக் கூடாது என்று யோசிப்பதே அவருக்கு முழுநேர வேலை. முதல் நாள் அந்தக் கேமரா நான் தேடுகிற அதே விரிசலைப் பிடித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அது பார்த்த விதம் நான் பார்க்கிற விதம்.

அடுத்தது குடை.

ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. அதற்குப் பிறகு பிற்பகலானால் கேமராவுக்குப் பைத்தியம் பிடிக்க ஆரம்பித்தது, நல்ல குப்பிகளை வாரி வாரித் தள்ளியது. காலையில் ஒன்றும் இல்லை. எல்லோரும் கம்பியை மாற்று, கம்ப்யூட்டரை மாற்று என்றார்கள். இவர் வீட்டிலிருந்து ஒரு கறுப்புக் குடையைக் கொண்டுவந்தார். தொழிற்சாலைக்குள்ளே, இயந்திரத்துக்கு மேலே, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக நின்றார். என் நாத்தனார் சும்மா இருப்பாளா?

“சார், உள்ள மழை பெய்யுதா? எங்களுக்கு ஒண்ணும் நனையலையே!”

“மழை இல்லம்மா, வெயில் பெய்யுது. மூணே கால் மணிக்கு வந்து பாருங்க.”

மூன்றே காலுக்கு எல்லோரும் போய்ப் பார்த்தோம். கூரையில் ஒரு பிளாஸ்டிக் ஓடு. அதன் வழியாகக் கை அகலத்துக்கு ஒரு வெயில் சரியாக அந்த நேரத்துக்கு இறங்கி, குப்பிகளின் தோளில் உட்கார்ந்துகொண்டிருந்தது. அந்தப் பளபளப்பைக் கேமரா விரிசல் என்று எண்ணிக்கொண்டது. குடையை விரித்தால் கேமரா அடங்கியது, மடக்கினால் துள்ளியது. ஒன்பது நாள் நின்று கண்டுபிடித்தார்! அன்றே கேமராவைச் சுற்றிக் கனமான கறுப்புத் துணியைத் திரையாகக் கட்டினார். அத்தோடு தொல்லை விட்டது.

இனி நான் சொல்லப் போவதைச் சின்ன முதலாளி அவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

அந்தப் புதன்கிழமைக்கு எட்டு நாள் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் ஒன்றரை மணி. உள்ளே கேமரா எதைத் தள்ளுகிறது, எதை விடுகிறது என்று எனக்குப் பார்க்கத் தோன்றியது. திரை கட்டியதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அது தப்புப் பண்ணும், நான் கையும் களவுமாகப் பிடிப்பேன், மற்ற மூன்று மேசைகளும் திரும்பி வரும் என்று ஒரு ஆசை. என் சாப்பாட்டுப் பையின் வாயை மூட நீல நிறக் கிளிப் ஒன்று வைத்திருப்பேன், ஒரு பல் உடைந்தது. திரையின் ஒரு பக்கத்தைத் தூக்கி, மேலே இரும்புக் கம்பியில் அந்தக் கிளிப்பால் மாட்டினேன். அரைமணி நேரம் பார்த்தேன். அது ஒரு தப்பும் பண்ணவில்லை.

அந்த நேரம் ஆபீசில் எனக்குப் போன். வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டு அம்மா. அவர் அப்போது படுத்த படுக்கை. போட்டது போட்டபடி ஓடினேன். திரும்பி வந்தது நாலரை மணிக்கு. வந்ததும் நினைவு வந்து திரையை இறக்கிவிட்டேன். கிளிப்பைக் கம்பியிலேயே மறந்தேன்.

நடுவில் மூன்றே கால் மணி வந்துபோயிருந்தது! வெயில் இறங்கியிருக்கிறது, கேமரா நல்ல குப்பிகளைத் தள்ளியிருக்கிறது, கூடை நிரம்பியிருக்கிறது. அன்று பெரிய ஆர்டர். அவசரம் திரையைப் பார்க்கவில்லை. எவ்வளவு வெள்ளை தெரிந்தால் குப்பியைத் தள்ள வேண்டும் என்று கேமராப் பெட்டியில் ஒரு எண் இருக்கும். அதை ஏற்றிவிட்டார். கூடை நிரம்புவது நின்றது. ஏற்றிய எண்ணை இறக்க மறந்துவிட்டார். மறுநாள் காலை வரை மெல்லிய விரிசல் எல்லாம் தேறிப் போனது. ஒரு மருந்துக் கம்பெனியில் குப்பியில் மருந்து அடைக்கும்போது இரண்டு உடைந்து, ஒரு பெண்ணின் உள்ளங்கை கிழிந்தது. ஆர்டர் முழுவதும் திரும்பி வந்தது.

அதற்குத்தான் புதன்கிழமை எட்டுப் பேரையும் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். பெரிய முதலாளி சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. “யாரு தப்புன்னு தெரிஞ்சாகணும். அந்த ஆள் இனிமே இந்தத் தளத்துல நிக்கக் கூடாது.”

அவசரம் சொன்னார்: “நம்பரை ஏத்துனது நான்தான் சார். மூணே காலுக்கு வெளிச்சம் தெறிச்சுது. லைனை நிறுத்த முடியல. வெளிச்சம் தெறிச்சது யார் தப்பு?” அவர் பொய் சொல்லவில்லை. திரை தூக்கியிருந்தது அவருக்குத் தெரியாது.

மூன்றே கால் என்ற சொல்லைக் கேட்டதும் விளக்குக்காரர் நிமிர்ந்தார். அவருக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. சட்டைப்பையில் கையை விட்டார், எதையோ பாதி வெளியே எடுத்தார். நீல நிறம். அன்று காலை அவர் திரையைச் சோதித்தபோது கம்பியில் கிடைத்திருக்கிறது. என் சாப்பாட்டுப் பையில் அதைத் தினமும் பார்த்தவர், என்னைப் பார்த்தார். கையை மூடிக்கொண்டார். கிளிப் திரும்பவும் பைக்குள் போனது.

“ஒளி அமைப்பு என் பொறுப்பு. பிழை என்னுடையது” என்றார். மேனேஜர் அதை எழுதிக்கொண்டார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

நான் என்ன செய்தேன்? வாயைத் திறந்தேனா? இல்லை! என் நாத்தனார், நான் திரையைத் தூக்கியதை எதிரில் உட்கார்ந்து பெட்டி கட்டிக்கொண்டே பார்த்தவள், அவளும் திறக்கவில்லை. யார் வீட்டில் என்ன குழம்பு என்பதைக்கூட அடக்கிவைக்கத் தெரியாத அவள், இதை மட்டும் பத்தொன்பது வருஷம் அடக்கினாள். சந்தேகம் இருப்பவர்கள் இப்போதே அவளைக் கேட்டுக்கொள்ளலாம். பச்சைப் புடவை.

அவரை ஸ்டோருக்கு அனுப்பினார்கள். கறுப்புத் துணியை எங்கே கட்ட வேண்டும் என்று ஒன்பது நாள் நின்று கண்டுபிடித்தவர், திருகாணிகளை எண்ணி டப்பாவில் போட்டார். ஓய்வு பெறும் வரை பதினோரு வருஷம்!

மூன்றாம் நாள் நான் ஸ்டோருக்குப் போனேன்.

“ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?”

“உக்காருங்கக்கா. டீ சொல்றேன்.”

“டீ வேணாம். நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்.”

“சொல்லி? படுத்திருக்கிற மனுஷனை வெச்சுக்கிட்டு எங்க போவீங்க?” என்றார். பிறகு டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார். “அதுவும் இல்லாம, நான் சொன்னது பொய் இல்லக்கா. துணியைக் கட்டுனேன். துணின்னா யாராவது தூக்குவாங்க. தூக்க முடியாதபடி தகரம் அடிச்சிருக்கணும். உள்ள பாக்கணும்னு ஒருத்தருக்குத் தோணும்னு நான் யோசிக்கலை பாருங்க, அது என் தப்பு.” என் பக்கம் திரும்பிக் கேட்டார்: “ஆமா, எதுக்குத் தூக்குனீங்க?”

“கேமரா தப்புப் பண்ணுதான்னு பாக்க.”

“பண்ணுச்சா?”

“இல்ல.”

அவர் சிரித்த சிரிப்பில் ஸ்டோர் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் என்னிடம் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டார். “நான் இருக்கிறவரைக்கும் இதைப் பேசக் கூடாது. போனப்புறம் உங்க இஷ்டம்.” தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகும் நாலு தடவை போய்க் கேட்டேன். நாலு தடவையும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

சகோதர சகோதரிகளே, இன்று நம்மிடம் ஆறு கேமராக்கள் இருக்கின்றன. ஆறுக்கும் தகரக் கூடு. ஒவ்வொரு கூட்டிலும் கண் உயரத்தில், உள்ளங்கை அளவுக்கு, கருநிறக் கண்ணாடி வைத்த சிறிய சன்னல். வெளியே நிற்பவர் உள்ளே பார்க்கலாம், கேமராவைக் கெடுக்கும் அளவுக்கு வெளிச்சம் உள்ளே போகாது. அதை யார் வரைந்தது என்று நினைக்கிறீர்கள்? ஸ்டோரில் உட்கார்ந்து, அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் உட்புறத்தில் அவர் வரைந்தார். தன் இடத்துக்கு வந்த புதிய ஆளிடம் கொடுத்து, “என் பேரைச் சொல்லாதீங்க, சொன்னா போட மாட்டாங்க” என்றாராம். அந்தப் புதிய ஆளே எனக்குச் சொன்னது. சன்னல் எந்த உயரம் தெரியுமா? என் உயரம். நான் குள்ளம். மற்றவர்கள் எல்லோரும் இன்றுவரை குனிந்துதான் பார்க்கிறார்கள்.

மகளே, இப்போது உன்னிடம் வருகிறேன். போன வருஷம் நம் ஆபீசில் நீ வேலைக்குச் சேர்ந்தாய். முதல் நாள் அந்தப் பயிற்சி அறையில், அந்தத் தாளுக்குக் கீழேயே உட்கார வைத்தார்கள். நீ யாருடைய மகள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. சொல்லிக்கொடுத்தவர் குச்சியால் தட்டித் தட்டிக் காட்டினாராம், ‘இப்படி ஒரு ஆள் இருந்தார்’ என்று. நீ வீட்டுக்குப் போய் அப்பாவைக் கேட்டாய். அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, “ஆமாம்மா, என் தப்புதான்” என்றார். போன மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ இதைச் சொன்னபோது நான் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. உள்ளே அவருக்கு மூச்சு இருந்தது, வார்த்தை கொடுத்திருந்தேன்.

இப்போது சொல்லிவிட்டேன். உன் அப்பாவின் விளக்கு ஒருநாளும் தப்பவில்லை. தூக்கியது என் கை.

சின்ன முதலாளி அவர்களே, அந்தத் தாளை நாளைக்குள் எடுத்துவிட வேண்டும். எடுத்துக் கிழித்துப்போட்டால் போதாது. வேறு தாள் தொங்க வேண்டும். ‘திரையைத் தூக்கியது மூன்றாம் மேசைக்காரி. பார்க்காமல் எண்ணை மாற்றியது சூப்பர்வைசர். தன்மேல் போட்டுக்கொண்டது விளக்குக்காரர்’ என்று எழுதுங்கள். நான் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினால் இன்றைக்கே முடிந்துவிடும்.

லைனில் இன்று நிற்கிற பெண்களே, நீங்களும் நானும் இந்தப் படத்துக்கு முன்னால் ஒரு உறுதி சொல்வோம். விளக்கைத் தொட்டாலும், கூட்டைத் திறந்தாலும், எண்ணை மாற்றினாலும், தொட்டவர் தன் பெயரைப் பலகையில் எழுதுவார். எழுதினவரை யாரும் திட்ட மாட்டோம். பிற்பகலில் கேமரா துள்ளினால் எண்ணிடம் போகாமல் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்ப்போம். அவர் பார்த்த வேலை இது. இதை விடமாட்டோம்.

நான் மனத்தில் வைத்துக்கொள்கிறவள் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். இன்று ஒவ்வொன்றாக இறக்கிவைக்கிறேன். மேனேஜர் அவர்களே, இரண்டே நிமிஷத்தில் எழுதி முடித்தீர்கள், ஒரு கேள்வி கேட்கவில்லை. போகட்டும், உங்களை மன்னித்தேன். அவசரம், உங்களையும். உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நாத்தனாரே, உன்னையும், என் மகன் கல்யாணத்தில் நீ பேசிய பேச்சையும் சேர்த்தே மன்னித்தேன். என்னை மன்னிப்பதா வேண்டாமா என்பது அந்த மகள் முடிவு செய்ய வேண்டியது. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், நான் கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

ஒரே ஒரு ஆளை மட்டும் என்னால் முடியாது. என் தப்பை என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டவர். திருப்பிக் கேட்டு நான் போன ஐந்து தடவையும் கொடுக்காதவர். பெற்ற மகளிடமே, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, தானே குற்றவாளி என்று சொன்னவர். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிப் பதினாலு வருஷம் ஆயிற்று, பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள், இனி எனக்கு ஒரு கெடுதலும் வராது என்று தெரிந்தும், அவர் பக்கத்தில் நின்று நானும் ஒரு தடவை தலை குனிய எனக்கு இடம் கொடுக்காமலே போனவர். அந்த மனுஷனை நான் உயிர் இருக்கும்வரை மன்னிக்க மாட்டேன்.

நம் விளக்குக்காரரை.